‘கல்ச்சர்’ என்றால் பண்பாடு மட்டுந்தானா?



நம் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்களுக்குச் சொற்பட்டியல் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இடப்பக்கம் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். வலப்பக்கம் அதற்குரிய தமிழ்ச்சொல் இருக்கும். நடுவே ஒரு சமக்குறி. மாணவர்கள் அதனை மனனம் செய்து ஒப்புவிப்பார்கள். அத்தகைய பட்டியல்களில் ‘கல்ச்சர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ‘பண்பாடு’ என்றோ ‘கலாச்சாரம்’ என்றோ எழுதப்பட்டிருக்கும். அவ்வளவுதான், அந்தச் சொல்லின் கதை அத்துடன் முடிந்துவிடும்.

ஆனால், அந்த மாணவனின் வாழ்க்கையில் அந்தச் சொல் முடிந்துவிடுவதில்லை. பேரங்காடியில் விற்கும் தயிர்க் கிண்ணத்தின்மேல் ‘உயிருள்ள கல்ச்சர் அடங்கியது’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் குருதியை எடுத்து ‘கல்ச்சர்’ சோதனைக்கு அனுப்புகிறார்கள். நகைக்கடையில் ‘கல்ச்சர்’ முத்து விற்கிறார்கள். சொற்பட்டியலை நம்பிய மாணவன் என்ன செய்வான்? ‘உயிருள்ள பண்பாடு அடங்கிய தயிர்’ என்று மொழிபெயர்ப்பான். ‘இரத்தக் கலாச்சாரம்’ என்று எழுதுவான்!

நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், இந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கவலையும் இருக்கிறது. “தமிழில் சொல் இல்லை போலிருக்கிறது, அறிவியலுக்கெல்லாம் தமிழ் சரிப்பட்டு வராது” என்று அந்த மாணவன் முடிவு கட்டிவிடுகிறான். அவனுடைய பெற்றோரும் அதை ஆமோதிக்கின்றனர். ஒரு சொல்லில் தொடங்கிய ஐயம், மொழியின்மீதே நம்பிக்கையின்மையாக வளர்ந்துவிடுகிறது.

உண்மையில் குறை தமிழில் இல்லை. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்தான் என்று கற்பிக்கும் நம் முறையில்தான் குறை இருக்கிறது. இதனை அந்தச் சொல்லின் வரலாற்றைக் கொண்டே விளக்க விரும்புகிறேன்.

உழவில் பிறந்த சொல்

இலத்தீன் மொழியில் ‘கோலெரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. நிலத்தை உழுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், தெய்வத்தைப் போற்றி வழிபடுதல் ஆகிய மூன்றும் அதன் பொருள்கள். உழுகிறவன் அந்த நிலத்திலேயே குடியிருப்பான். குடியிருக்கிற மண்ணின் தெய்வத்தை வணங்குவான். மூன்று செயல்களும் ஒரே வேரில் கிளைத்ததில் வியப்பில்லை.

அந்த வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு மூன்று உடன்பிறப்புகள் வந்து சேர்ந்தன. உழுதல் என்னும் பொருளிலிருந்து ‘கல்ச்சர்’ வந்தது. குடியிருத்தல் என்னும் பொருளிலிருந்து ‘காலனி’ வந்தது. வழிபடுதல் என்னும் பொருளிலிருந்து ‘கல்ட்’ வந்தது. வேளாண்மையைக் குறிக்கும் ‘அக்ரிகல்ச்சர்’ என்பதில், ‘அக்ரி’ வயல், ‘கல்ச்சர்’ உழுதல். அந்தச் சொல்லில் இன்றளவும் பழைய பொருள் மாறாமல் இருக்கிறது.

நிலத்துக்குரிய சொல்லை மனத்துக்கு ஏற்றிச் சொன்னவர் உரோம நாட்டு அறிஞர் சிசெரோ. வளமான நிலமும் உழாவிட்டால் விளையாது. அதுபோலவே கல்வியில்லாத மனமும் விளையாது என்னும் கருத்தைக் கி.மு. 45 அளவில் அவர் எழுதினார். ஆங்கிலத்தில் 15-ஆம் நூற்றாண்டளவில் ‘கல்ச்சர்’ என்றால் உழவு, பயிர் வளர்ப்பு என்றே பொருள். பிறகுதான் மனத்தைப் பக்குவப்படுத்துதல் என்னும் பொருள் சேர்ந்தது. 1869-இல் மேத்யூ ஆர்னால்டு அச்சொல்லைக் கல்வியாலும் கலையாலும் மனிதன் அடையும் உயர்வுக்கு ஆண்டார். ஈராண்டு கழித்து, 1871-இல், மானிடவியல் அறிஞர் எட்வர்டு டைலர் வேறொரு பொருளைக் கொடுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என ஒரு சமுதாயத்தில் மனிதன் கற்றுக்கொள்ளும் அனைத்துமே ‘கல்ச்சர்’ என்றார். முன்னவர் கருத்துப்படி அது சிலருக்கு வாய்ப்பது; பின்னவர் கருத்துப்படி அது எல்லா மக்களுக்கும் உரியது.

அதற்கடுத்த பத்தாண்டில் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் இச்சொல் நுழைந்தது. செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக் நுண்ணுயிர்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்கும் முறையை உருவாக்கினார். அவற்றை வளர்க்கக் கூழ்போன்ற ஒரு தளம் தேவைப்பட்டது. ‘அகார் அகார்’ என்று நம் நாட்டுப் பிள்ளைகள் விரும்பி உண்கிறார்களே, அதே கடற்பாசிக் கூழ்தான் அதற்கு உதவியது! அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்த்தர் ஹெஸ்ஸே என்பவரின் துணைவியார் ஃபான்னி ஹெஸ்ஸே, சாவாவில் வாழ்ந்து திரும்பியவரிடமிருந்து அதை அறிந்திருந்தார். 1881 அளவில் அவர் சொன்ன யோசனையால் ‘அகார்’ என்னும் மலாய்ச்சொல் உலக ஆய்வுக்கூடங்கள் அனைத்திலும் குடியேறியது. ஆங்கிலம் இலத்தீனிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது போலவே மலாயிலிருந்தும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. இந்தச் செய்தியை வகுப்பில் சொல்லிப் பாருங்கள்; மாணவர்களின் கண்கள் விரியும்.

இவ்வாறு பொருள்கள் பெருகிக்கொண்டே போயின. 1952-இல் குரோபர், குளுக்கோன் என்னும் அமெரிக்க மானிடவியலார் இருவர் இச்சொல்லுக்கான வரையறைகளைத் திரட்டியபோது 160-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. ஆங்கிலேயருக்கே இத்தனை பொருள் தரும் சொல்லை, ஒற்றைத் தமிழ்ச்சொல்லால் அடக்கிவிடலாம் என்று எண்ணுவது முறையாகுமா?

சொல் வாழும் மண்

உடன்பிறப்புச் சொல்லான ‘காலனி’யையும் சற்று நோக்குவோம். ‘காலனித்துவம்’ என்றதும் மலேசியர்களாகிய நமக்கு 1957-இல் முடிவுற்ற அந்நிய ஆட்சி நினைவுக்கு வரும். அறிவியல் மாணவனுக்கோ, கூழின்மேல் திட்டுத்திட்டாகப் பெருகும் நுண்ணுயிர்க் கூட்டம் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் அது குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் சொல்லாயிற்று. காலப்போக்கில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பைச் சுட்டும் வசைச்சொல்லாகவும் திரிந்தது. அதனால், அச்சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

உழவனின் குடியிருப்பைக் குறித்த ஒரு சொல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு மண்ணில் இழிவின் அடையாளமாகிவிட்டது. இந்தப் பொருளை எந்த இலத்தீன் அகராதியிலும் காணமுடியாது. வேர்ப்பொருளை அறிவது நன்று. ஆனால் வேர்ப்பொருள் மட்டும் போதாது. யார், எங்கே, எதற்காகச் சொல்கிறார் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

‘பண்பாடு’ பிறந்த கதை

‘பண்பாடு’ என்பது சங்க காலத்திலிருந்து வழங்கும் சொல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ‘பண்பு’ என்பது பழஞ்சொல்தான். திருக்குறளின் 100-ஆவது அதிகாரமே ‘பண்புடைமை’. ஆனால், ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் ‘பண்பாடு’ என்னும் ஆக்கத்தை இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் 1937-இல் வழங்கினார் என்று பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை குறித்துள்ளார். ஆக, அதன் வயது நூறு ஆண்டுகூட ஆகவில்லை.

எவ்வளவு பொருத்தமான ஆக்கம், பாருங்கள்! நாம் நிலத்தையும் ‘பண்படுத்துகிறோம்’, மனத்தையும் ‘பண்படுத்துகிறோம்’. ‘பண்பட்ட நிலம்’ என்கிறோம். ‘பண்பட்ட மனிதர்’ என்றும் சொல்கிறோம். இலத்தீனில் உழவனும் அறிஞனும் பகிர்ந்துகொண்ட வேரைப் போலவே, தமிழிலும் ஒரே வேர் இரண்டு வயல்களுக்கும் பொருந்துகிறது. வெறுமனே ஒலியைப் பெயர்த்து எழுதியிருந்தால் இந்த உறவு நமக்குக் கிடைத்திருக்குமா?

பிறகு அந்தச் சொல் வேகமாகப் பரவியது. 1952-இல் தனிநாயகம் அடிகளார் தமிழியல் ஆய்வுக்காகத் தொடங்கிய ஆங்கில இதழின் பெயரே ‘தமிழ்ப் பண்பாடு’ என்னும் பொருள்படுவதுதான். அந்த அடிகளார் பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற அவரே முன்னின்றார். எனவே, நம் நாட்டுத் தமிழருக்கும் இச்சொல்லுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

‘கலாச்சாரம்’ என்பது கலையும் ஆசாரமும் சேர்ந்த வடமொழி வழிச்சொல். ‘பண்பாடு’ நல்லதா, ‘கலாச்சாரம்’ நல்லதா என்று நம்மிடையே அடிக்கடி வழக்காடுகிறார்கள். என் வாக்கு பண்பாட்டுக்கே. ஆயினும், இந்த வழக்கில் ஒன்றை மறந்துவிடுகிறோம். தயிர்க்கிண்ணத்துக்கு இரண்டுமே பொருந்தா!

மலாய்மொழி செய்தது என்ன?

நம் ஜொகூர் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. மலாய்மொழியின் சொல்லாக்கத்தையும் நூல் வெளியீட்டையும் கவனிக்கும் ‘டேவான் பஹாசா டான் புஸ்தாகா’ 1956 ஜூன் 22-இல் ஜொகூர் பாருவில்தான் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில்தான் கோலாலம்பூருக்கு மாறியது. இன்றைய மலாய்மொழியைப் பாருங்கள். மக்களின் வாழ்வியலைக் குறிக்கும்போது ‘புடாயா’ என்கிறார்கள்; இது ‘புத்தி’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வரும்போது அதனை விட்டுவிட்டு, ‘குல்துர்’ என்னும் வேறு சொல்லை எடுக்கிறார்கள். ‘குல்துர் திசு’ என்பது அவர்களின் அறிவியல் வழக்கு. ஆங்கிலத்தில் ஒரு சொல், மலாயில் இரண்டு. இதனால் மலாய்மொழி ஏழையாகிவிட்டதென்று யாரும் சொல்வதில்லை.

தமிழில் இரண்டு அல்ல, இன்னும் கூடுதலாகவே இருக்கின்றன. பட்டியலிட்டுப் பார்ப்போம்.

1. ஒரு மக்களின் வாழ்வியல், கலை, நெறி ஆகியவற்றைக் குறிக்கும்போது — பண்பாடு.
2. படித்து, பழகி, பக்குவமடைந்த மனிதரைக் குறிக்கும்போது — பண்பட்டவர்.
3. நுண்ணுயிர்களை ஆய்வுக்கூடத்தில் பெருக்கும்போது — நுண்ணுயிர் வளர்ப்பு. மருத்துவமனைச் சோதனை — வளர்ப்புச் சோதனை.
4. பாலைத் தயிராக்க ஊற்றும்போது — உறை, உறைமோர், பிரை.
5. சிப்பிக்குள் மனித முயற்சியால் விளைவிக்கும் முத்து — வளர்ப்பு முத்து.
6. மீன், இறால் முதலியவற்றைக் குளங்களில் பெருக்குதல் — நீருயிர் வளர்ப்பு.
7. ஒரே பயிரைப் பரந்த நிலத்தில் நடுதல் — ஒற்றைப்பயிர் முறை.
8. அலுவலகத்தில் மக்கள் வேலை செய்யும் போக்கு — பணிநெறி, பணிப்பழக்கம்.
9. ஊழல் போன்ற தீமை ஊறிப்போன நிலை — வழக்கம், புரையோடிய பழக்கம்.

நான்காவதை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ‘உறைமோர்’ என்னும் சொல்லை எந்தக் கலைச்சொல் குழுவும் ஆக்கித் தரவில்லை; அது நம் பாட்டியின் அடுக்களையிலேயே இருந்தது. நுண்ணுயிர் என்றால் என்னவென்று அறியாத காலத்திலேயே, நேற்றைய மோரில் சிறிது எடுத்து இன்றைய பாலில் ஊற்றினால் உறையும் என்பதை அறிந்து, அதற்குப் பெயரும் வைத்தார்கள். அறிவியல் பாடநூலுக்குள் போகும்போது மட்டும் அந்தப் பெயரை மறந்துவிட்டு, ‘தமிழில் சொல் இல்லை’ என்கிறோம்.

ஒன்பதாவதும் முக்கியம். ‘ஊழல் கலாச்சாரம்’, ‘வன்முறைக் கலாச்சாரம்’ என்றெல்லாம் நாளேடுகளில் எழுதுகிறார்கள். ‘ஊழல் பண்பாடு’ என்று எழுத நம் கை வருவதில்லை. ஏன்? பண்பாடு என்னும் சொல்லில் நன்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலச் சொல் இந்த இடத்தில் நன்மையும் பேசாது, தீமையும் பேசாது. இந்த வேறுபாட்டை ஆறாம் ஆண்டு மாணவனுக்கு எடுத்துச் சொன்னால், அவன் இரண்டு மொழிகளையும் ஒருசேரக் கற்றுக்கொள்கிறான்.

குளுவாங் செம்பனையின் கதை

“இவையெல்லாம் தனிச்சொற்கள், உண்மையான அறிவியலைத் தமிழில் பேச முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். ஜொகூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

செம்பனைக்குப் பக்கக்கன்று கிடையாது; வாழையைப் போலக் கிழங்கிலிருந்து பெயர்த்து நடமுடியாது. விதையிலிருந்து முளைப்பவையோ எல்லாம் ஒரே தரத்தில் காய்ப்பதில்லை. ஆகவே, நன்கு காய்க்கும் மரத்தின் சிறு துண்டை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் ஊட்டமளித்து, அதிலிருந்து கன்றுகளை உருவாக்கும் இழைய வளர்ப்பு முறையை ஆராய்ந்தனர். 1970-களின் பிற்பகுதியில் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் அத்தகைய கன்றுகள் நடப்பட்டன. 1980-களில் ஒரு சிக்கல் தெரியவந்தது. சில மரங்களின் பூக்கள் உருத்திரிந்து காய் சரியாகப் பிடிக்கவில்லை. தாய்மரத்தின் மரபணு அப்படியே இருந்தும் மரம் மாறிவிட்டது! காரணம் பல ஆண்டுகள் புலப்படவில்லை. 2015-இல் மலேசியச் செம்பனை வாரிய ஆய்வாளர்களும் வெளிநாட்டு அறிஞர்களும் இணைந்து விடை கண்டனர். மரபணுத்தொடரின் எழுத்துகள் மாறவில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தின்மேல் இருக்க வேண்டிய வேதியல் குறி நீங்கிவிட்டது. அதனால் மரபணு இயங்கும் விதம் பிழைபட்டது என்று அறிவித்தனர்.

மேற்கண்ட பத்தி உங்களுக்கு விளங்கிற்றா? விளங்கிற்று என்றால், ஆய்வுக்கூட அறிவியலைத் தமிழில் பேச முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ‘இழையம்’ என்பது இலங்கைத் தமிழர் பாடநூல்களில் வழங்கும் அழகிய சொல். நம் நாட்டில் ‘திசு’ என்கிறோம். இரண்டையும் மாணவர் அறிந்திருக்கலாம். தோட்டப்புறத்தில் பாட்டன் குலை வெட்டிய மரத்தின் அறிவியலைப் பேரப்பிள்ளை தமிழில் அறிந்துகொள்வது எவ்வளவு பெரிய பேறு!

பெற்றோரின் ஐயம்

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்தது. அதனைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் இருமொழித் திட்டம் தொடங்கியது. தமிழ்ப்பள்ளிகளுக்கு அது வேண்டுமா என்று மறு ஆண்டில் பெரும் விவாதம் எழுந்தது. இரு தரப்பிலும் தமிழ்ப்பற்று மிக்கவர்கள் இருந்தார்கள் என்பதை மறுக்கமுடியாது.

“இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோதானே அறிவியல் படிக்கப் போகிறான்? இப்போதே பழகட்டுமே” என்பது பெற்றோரின் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் பிள்ளை மூன்று மொழிகளிலும் கலைச்சொற்களை அறிந்தே ஆகவேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘வளர்ப்பு’ என்று கேட்டவுடனே ஏதோ ஒன்றுக்கு உணவளித்துப் பெருக்குகிறார்கள் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. கருத்து மனத்தில் பதிந்தபின், அதற்கு மலாயில் ‘குல்துர்’, ஆங்கிலத்தில் ‘கல்ச்சர்’ என்று மேலும் இரண்டு பெயர்களை ஒட்டுவது கடினமன்று. கருத்தே இல்லாமல் பெயரை மட்டும் மனனம் செய்தவனுக்கு, ஒரு பெயர் தெரிந்தாலும் மூன்று பெயர் தெரிந்தாலும் பயன் ஒன்றே.

வகுப்பில் என்ன செய்யலாம்?

சொற்பட்டியலைத் தூக்கியெறிய வேண்டாம். சமக்குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே மூன்று சொற்றொடர்களை எழுதுங்கள். ஒன்று சமுதாயம் பற்றியதாகவும், ஒன்று அறிவியல் பற்றியதாகவும், ஒன்று அன்றாட வீட்டு வாழ்க்கை பற்றியதாகவும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று மாணவரைக் கேளுங்கள். விடையைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். விளக்கம் வந்தபின், அதற்கேற்ற தமிழ்ச்சொல்லை அவர்களே தேடட்டும். அகராதியில் முதலில் உள்ள பொருளோடு நிற்காமல், கடைசிப் பொருள்வரை படிக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். கைப்பேசியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஒரு விடை உடனே வருகின்ற இக்காலத்தில், அந்த விடை இந்த இடத்துக்குப் பொருந்துமா என்று கேட்கத் தெரிந்த மாணவனே நமக்குத் தேவை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளியில் ‘பண்பாட்டு விழா’ என்றால் பட்டுப்பாவாடை, வேட்டி, நடனம், உணவு என்று ஆண்டுக்கொரு முறை அரங்கேற்றி முடித்துவிடுகிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் பண்பாடு என்பது பெட்டியில் எடுத்து வைக்கும் உடை அன்று; பண்படுத்துதல் என்னும் வினையிலிருந்து விளைந்தது. ஒருநாள் உழுதுவிட்டு மறுநாள் அறுவடை கேட்கும் உழவன் எங்கும் இல்லை. நாள்தோறும் பிள்ளையோடு தமிழில் பேசுவதும், ஒரு பக்கமாவது சேர்ந்து படிப்பதும், “இதற்குத் தமிழில் என்ன?” என்று பிள்ளை கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லாமல் உடன் அமர்ந்து தேடுவதும்தான் அந்த உழவு.

நாடெங்கும் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நாளை காலை மணி அடிக்கும். ஏதோ ஒரு வகுப்பில் ஒரு மாணவன் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்பான். “எந்த இடத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தாய்?” என்று முதலில் திருப்பிக் கேளுங்கள், ஆசிரியர்களே. பொருளை அதற்குப் பிறகு சொல்லலாம்.